ஐபீஸ் சேர்ப்பதும் காப்பதும் ஒப்பிடுவதும்: ஒரு கைவழிகாட்டி

என்னிடம் இருப்பது 8 அங்குல டாப்சோனியன், அதாவது அடியில் உள்ள 8 அங்குலக் குழிக்கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் டெலஸ்கோப். குவியத் தொலைவு 1200 மி.மீ., அதைக் கண்ணாடியின் அகலத்தால் வகுத்தால் வருவது எஃப் எண், இதில் எஃப் 6. கீழே வரும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான், உங்கள் டெலஸ்கோப்பின் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஐபீஸ், அதாவது டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கும் பக்கத்தில் செருகும் லென்ஸ் குழல், வாங்கி, விற்று, இரண்டைப் பூஞ்சைக்குப் பறிகொடுத்து, இப்போது எல்லாம் ஒரே டப்பாவுக்குள் அடங்கும் அளவுக்கு வந்திருக்கிறேன். புதிதாக எதை வாங்கலாம் என்று தேடுகிற நேரத்தில் பாதியையாவது கையில் இருப்பதை ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்கவும், மழைக்காலத்தில் அதைக் காப்பாற்றவும் செலவழியுங்கள். வாங்க நினைத்த பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

எதைச் சேர்ப்பது

பெருக்கக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். டெலஸ்கோப்பின் குவியத் தொலைவை ஐபீஸின் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும்: 25 மி.மீ. போட்டால் 48 மடங்கு, 10 போட்டால் 120, 6 போட்டால் 200. நிறையப் பேர் போடாமல் விடுவது இன்னொரு கணக்கு, எக்ஸிட் ப்யூபில். ஐபீஸிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம்தான் அது, ஐபீஸின் குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் கிடைத்துவிடும். எனக்கு 25 மி.மீ. என்றால் 4 மி.மீ.க்குச் சற்று மேல், 12 என்றால் 2, 6 என்றால் 1. மங்கலான கேலக்ஸிகளுக்கும் நட்சத்திரக் கொத்துகளுக்கும் 2 மி.மீ. பக்கம் வரும் ஐபீஸ்தான் எனக்கு அதிகம் வேலை செய்கிறது. அரை மி.மீ.க்குக் கீழே போனால் படம் இருண்டு, கண்ணுக்குள் மிதக்கும் நூல் போன்றவையெல்லாம் வியாழன் மேல் நடமாட ஆரம்பித்துவிடும், அந்த அளவுக்கு வாங்க வேண்டாம்.

அடுத்தடுத்த ஐபீஸுக்கு நடுவில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இடைவெளி இருந்தால் போதும். பார்லோ, அதாவது ஐபீஸுக்கு முன்னால் மாட்டிப் பெருக்கத்தைக் கூட்டும் லென்ஸ், இல்லாதவர்களுக்கு 25, 18, 12, 8, 6 என்று ஒரு வரிசை. 12-க்கும் 10-க்கும் நடுவில் 11 வாங்க வேண்டும் என்று ஆசை வரும், வாங்காதீர்கள். நல்ல 2 மடங்கு பார்லோ ஒன்று இருந்தால் 25-ஐ 12.5 ஆகவும், 12-ஐ 6 ஆகவும் ஆக்கிவிடலாம், ஆகவே வாங்கும்போதே ஒன்றின் பாதி இன்னொன்றாக வராதபடி பார்த்துக்கொண்டால் நான்கு ஐபீஸும் ஒரு பார்லோவும் எட்டு ஐபீஸ் வேலையைச் செய்யும்.

அகலமான காட்சி வேண்டும் என்பவர்கள் பேரல், அதாவது டெலஸ்கோப்பில் செருகும் குழலின் அளவைப் பார்க்க வேண்டும். ஒன்றேகால் அங்குல பேரலுக்குள் ஃபீல்டு ஸ்டாப், அதாவது காட்சியின் வட்ட விளிம்பை வெட்டிக் கொடுக்கும் உள்வளையம், அதிகபட்சம் 27 மி.மீ. அளவுக்குத்தான் இருக்க முடியும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் காட்சி 50 டிகிரி அகலம் உள்ள 32 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸும் 68 டிகிரி உள்ள 24 மி.மீ. ஐபீஸும் வானத்தில் காட்டும் பரப்பு கிட்டத்தட்ட ஒன்றே. என் டெலஸ்கோப்பில் அது 1.3 டிகிரி. இரண்டு அங்குல பேரலில் 46 மி.மீ. வரை போகலாம், அப்போது 2.2 டிகிரி வரும், கார்த்திகைக் கூட்டம் முழுதாக உள்ளே அடங்கும். ஒன்றேகால் அங்குலத்தில் 40 மி.மீ. பிளாசல் வாங்குவதால் பரப்பு கூடாது, சிறிய ஓட்டை வழியாகப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

சேகரிப்புக்காகவே வாங்குபவர்களுக்கு வரலாறும் ஒரு வழி. கார்ல் கெல்னர் 1849-இல் தன் வடிவத்தைக் கொண்டுவந்தார், வியன்னாவின் பிளாசல் 1860-இல், எர்ன்ஸ்ட் அப்பேயின் ஆர்த்தோஸ்கோபிக் 1880-இல். அப்போல்லோ வீரர்களுக்கான பயிற்சிக் கருவிகளுக்கு ஒளியியல் அமைத்துக் கொடுத்த ஆல் நாக்லர், பின்னாளில் டெலிவியூ நிறுவனத்தைத் தொடங்கி 82 டிகிரி ஐபீஸைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பது போன்ற காட்சி அமெச்சூர்களுக்குக் கிடைத்தது. இந்தக் குடும்பங்களில் ஒவ்வொன்றை வைத்துக்கொண்டு ஒரே இரவில் ஒரே நிலாவைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. நான்கே கண்ணாடித் துண்டுகள் உள்ள ஆர்த்தோவில் நிலாவின் நிழல்கள் எவ்வளவு கருப்பாகத் தெரிகின்றன என்று ஒருமுறை பார்த்தவர் அதை விற்க மாட்டார்.

பழைய சிறிய டெலஸ்கோப்புகளோடு வந்த 0.965 அங்குல ஐபீஸ்கள் வீடுகளில் இன்னும் கிடக்கும். மேலே எச் என்று இருந்தால் ஹைகன்ஸ், எஸ்.ஆர். என்று இருந்தால் சமச்சீர் ராம்ஸ்டன். எஃப் எண் குறைந்த, வேகமான டெலஸ்கோப்புகளில் இவை பெரிதாக எடுபடாது. ஆனால் அந்தப் பெட்டியில் ஐபீஸின் அடியில் திருகி மாட்டும் கறுப்பான சூரிய ஃபில்டர் ஒன்று இருந்தால், அதை இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த சூரிய வெப்பம் மொத்தமும் அந்தச் சின்னக் கண்ணாடியில் விழும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்துக் கண் போய்விடும். சூரியனைப் பார்க்க, டெலஸ்கோப்பின் வாயை முழுதாக மூடும் முன்பக்க ஃபில்டர் மட்டும்தான்.

பழையது வாங்கும்போது ஒரு டார்ச்சும் பத்து நிமிடமும் வேண்டும். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் சாய்வாக, ஒருமுறை மேலிருந்து, ஒருமுறை கீழிருந்து அடித்துப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் சிலந்தி நூல் போல, அல்லது மெல்லிய வேர் போலக் கிளை விட்டுத் தெரியும். தூசு புள்ளியாக இருக்கும், கிளை விடாது. கண்ணாடியின் ஓரத்தில் எண்ணெய் படர்ந்த மாதிரி வானவில் திட்டு தெரிந்தால் ஒட்டிய லென்ஸ்கள் பிரிய ஆரம்பித்திருக்கின்றன, விட்டுவிடுங்கள். மெதுவாக ஆட்டினால் உள்ளே சத்தம் வரக் கூடாது. மேற்பூச்சில் ஒரு கீறல் இருப்பது பெரிய விஷயமே இல்லை, விலையைக் குறைக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். நான் ஒரு கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒரு 18 மி.மீ. ஐபீஸ் வாங்கி வந்தேன், வீட்டுக்கு வந்து டார்ச் அடித்தபோதுதான் உள் லென்ஸில் பூஞ்சை தெரிந்தது, கடைக்காரர் திருப்பி வாங்கவில்லை. அதற்கப்புறம் டார்ச் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

கண்ணாடி போடுபவர்கள் ஐ ரிலீஃப் எவ்வளவு என்று கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம். முழுக் காட்சியும் தெரிய, லென்ஸுக்கு எவ்வளவு தூரத்தில் கண் இருக்க வேண்டும் என்பதுதான் அது. பிளாசலில் குவியத் தொலைவில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவாக வரும், ஆகவே 10 மி.மீ. பிளாசலில் 7 மி.மீ. மட்டுமே, இமை லென்ஸில் உரசும். மூக்குக் கண்ணாடியோடு பார்க்க 15 முதல் 20 மி.மீ. தேவை.

காப்பது

நம் ஊரில் ஐபீஸை அழிப்பது ஈரம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு வருடம் முழுக்க, மற்றவர்களுக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. வானம் மூடியிருப்பதால் பெட்டியைத் திறக்கவே மாட்டோம், இருட்டு, ஈரம், காற்றில்லாமை என்று பூஞ்சைக்கு வேண்டிய எல்லாமே அதற்குள் கிடைத்துவிடும். முகத்தின் எண்ணெய் ஒரு துளி லென்ஸில் இருந்தால் சாப்பாடும் ஆயிற்று.

ஈரத்தைத் தானே கட்டுப்படுத்தும், விலை உயர்ந்த டிரை கேபினட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூடியில் ரப்பர் வளையமும் நான்கு பக்கப் பூட்டும் உள்ள சமையலறை பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், இந்த மூன்றும் போதும். பத்து லிட்டர் டப்பாவுக்கு நான் கால் கிலோ ஜெல் போடுகிறேன். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. 60-ஐத் தாண்டினால் ஜெல்லைக் காய வைக்க வேண்டும் என்று அர்த்தம். ஆரஞ்சு ஜெல் பச்சையாகும், நீல ஜெல் இளஞ்சிவப்பாகும். நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, விஷம், அதனால் ஆரஞ்சையே வாங்குங்கள், வறுப்பதற்கும் சமையலுக்குப் பயன்படாத தனிச் சட்டி வைத்துக்கொள்ளுங்கள், சிறு தீயில் நிறம் திரும்பும் வரை போதும், சூடு முழுக்க ஆறியபின்தான் டப்பாவுக்குள் போட வேண்டும்.

அரிசியில் புதைத்து வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாவுத்தூள் லென்ஸ் இடுக்கெல்லாம் போய்விடும், வேண்டாம். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அலுமினியப் பெட்டிக்குள் வெட்டி வைக்கும் ஸ்பாஞ்சும் அப்படித்தான், கூடவே சில வருடத்தில் அது பிசுபிசுத்து உதிர ஆரம்பிக்கும், எடுத்துச் செல்ல மட்டும் அந்தப் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள், குடியிருக்க டப்பா. வெளிச்சுவரை ஒட்டிய சிமெண்ட் அலமாரியில் அந்த டப்பாவை வைக்காதீர்கள், மழையில் சுவர் ஊறும்.

மூடி விஷயத்தில் ஒரு தப்பை எல்லோரும் செய்கிறோம். நடுராத்திரி பார்த்து முடித்ததும் பனி படிந்த ஐபீஸுக்கு இரண்டு பக்கமும் மூடி போட்டு அப்படியே பெட்டியில் வைத்துவிடுகிறோம். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே ஜெல் போட்டு என்ன பயன்? வீட்டுக்குள் கொண்டுவந்து மூடிகளைக் கழற்றி, மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு, ஃபேன் காற்று நேராகப் படாத இடத்தில் காலை வரை விடுங்கள். காய்ந்தபின் மூடி, அப்புறம் டப்பா. ஏசி அறையிலிருந்து மொட்டை மாடிக்குப் போகும்போது இதற்கு நேரெதிர்: குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டதுமே பனி மூடும், அதனால் மூடியோடு அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

துடைப்பது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தெரு மக்களுக்கோ பள்ளிப் பிள்ளைகளுக்கோ நிலாவைக் காட்டிய மறுநாள் மட்டும் தவிர்க்க முடியாது. ஒரு பௌர்ணமிக்கு முந்தைய வாரம் எங்கள் தெருவில் காட்டினேன், கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். மறுநாள் காலை 25 மி.மீ.-ஐ வெளிச்சத்தில் திருப்பினால், மேல் லென்ஸின் ஓரம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பொடி, நெற்றி விபூதி. நடுவில் அரைவட்டமாகக் கண்மை, அதன் மேல் இமை முடி வரைந்த கோடுகள். இந்த நிலையில் துணியை எடுத்துத் தேய்த்தால் பொடியே உப்புத்தாள் போலப் பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் புளோயரால் ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்து ஊத வேண்டும், வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். பிறகு மென்மையான பிரஷ். அதற்கும் போகாததற்குத்தான் ஐசோபுரோபைல் ஆல்கஹால், அதையும் லென்ஸ் மேல் ஊற்றாமல் பஞ்சுக் குச்சியில் ஒற்றி, உதறி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பஞ்சு. ஓரத்தில் திரவம் தேங்கினால் உள்ளே இறங்கிவிடும். ஐபீஸைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்காதீர்கள், ஏழெட்டு லென்ஸும் வளையங்களும் எந்தப் பக்கம் எது என்று மறுபடி பொருத்துவது நடக்காத காரியம்.

இருட்டில் அடையாளம் காண என் வழி ரப்பர் பேண்ட். 25-க்கு ஒன்று, 12-க்கு இரண்டு, 6-க்கு மூன்று. விளக்குப் போடாமல் விரலாலேயே எடுத்துவிடலாம்.

ஒப்பிடுவது

இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் புதிதாக வாங்கியது எப்போதும் நன்றாகத்தான் தெரியும். முதலில் கோலிமேஷன், அதாவது டெலஸ்கோப்பின் கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராக இருப்பது, சரியாக இருக்கட்டும், டெலஸ்கோப் ஒரு மணி நேரமாவது வெளிக்காற்றில் ஆறியிருக்கட்டும். இல்லையென்றால் முதல் ஐபீஸுக்குக் கெட்ட பெயரும், அரை மணி கழித்துப் போட்ட இரண்டாவதுக்கு நல்ல பெயரும் கிடைக்கும், இரண்டும் டெலஸ்கோப்பின் பெரிய கண்ணாடியின் சூட்டால் வந்தவை.

பெருக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். 10 மி.மீ.-ஐயும் 9 மி.மீ.-ஐயும் ஒப்பிட்டால், ஒன்பதில் பின்னணி வானம் ஐந்தில் ஒரு பங்கு இருண்டுவிடும், அதனாலேயே மங்கலான நட்சத்திரம் எடுப்பாகத் தெரியும், அதை லென்ஸின் தரம் என்று எழுதிவிடுவோம். ஒரே குவியத் தொலைவில் இரண்டு இல்லையென்றால் பார்லோவால் சமமாக்கலாம், ஆனால் அதில் எழுதியிருக்கும் 2 மடங்கு என்பது ஐபீஸ் எவ்வளவு உள்ளே உட்காருகிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான காட்சிப் பரப்பை அளக்க ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். ஓரியனின் இடுப்பில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக இருக்கின்றனவே, அதில் முதலில் உதிக்கும் மிண்டாகா, பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே போகும் வான நடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. டெலஸ்கோப்பை அசைக்காமல், அந்த நட்சத்திரம் கிழக்கு விளிம்பில் நுழைந்து நடுவழியாகப் போய் மேற்கு விளிம்பில் மறையும் நேரத்தை அளங்கள். நிமிடத்தை 15-ஆல் பெருக்கினால் வருவது கலை கணக்கில் காட்சிப் பரப்பு, 60 கலை ஒரு டிகிரி. என் 25 மி.மீ. பிளாசலுக்கு மூன்று முறை அளந்தேன்: 4 நிமிடம் 2 நொடி, 4 நிமிடம் 5, 4 நிமிடம் 4. சராசரிக்கு 61 கலை வந்தது, ஒரு டிகிரிக்கு ஒரு கலை கூடுதல். அதை 48 மடங்கால் பெருக்கினால் கண்ணுக்குத் தெரியும் அகலம் 49 டிகிரி. டப்பாவில் 52 என்று இருந்தது. விளிம்பில் படம் இழுபடுவதாலும் இப்படி வித்தியாசம் வரும், பொய் சொல்லிவிட்டார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. ஆனால் நோட்டில் எழுத வேண்டியது நீங்கள் அளந்த எண்.

விளிம்பைச் சோதிக்க ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் கூர்மையாக்கிவிட்டு மெல்ல ஓரத்துக்குத் தள்ளுங்கள். அங்கே மங்கி, ஃபோகஸைத் திருப்பினால் மறுபடி கூர்மையானால் அது காட்சிப் புலத்தின் வளைவு, இளம் கண்கள் அதைத் தாமே சரிசெய்துகொள்ளும். பறவை சிறகு விரித்த மாதிரி ஆனால், ஃபோகஸின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோடு குறுக்காகத் திரும்பினால், ஐபீஸின் குறை. வால் முளைத்த நட்சத்திரமாகி, வால்கள் எல்லாம் நடுவிலிருந்து வெளிப்பக்கம் பார்த்தால் அது கோமா, அதற்குக் காரணம் பெரிய கண்ணாடி, ஐபீஸை மாற்றிப் பயனில்லை. நடுவிலேயே நட்சத்திரம் கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் பாருங்கள், கோணல் தலையோடு சேர்ந்து திரும்பினால் குறை உங்கள் கண்ணில். அப்புறம், எஃப் 10 டெலஸ்கோப்பில் பார்த்தவர் ஓரம் வரை ஊசி முனை என்று சொன்னால் அது அவருக்கு உண்மைதான், எஃப் 5 வைத்திருப்பவருக்கு அதே ஐபீஸ் பாதிப் புலத்துக்கு மேல் கலைந்துபோகும்.

சிதறும் ஒளியைப் பார்க்க வியாழனை விளிம்புக்குச் சற்று வெளியே நிறுத்துங்கள். நல்ல ஐபீஸில் புலம் கருப்பாக இருக்கும். சுமாரானதில் ஒரு பக்கமிருந்து வெளிச்சக் கீற்று பாயும், அல்லது மங்கலான இன்னொரு வியாழன் எதிர்ப்பக்கமாக மிதந்து வரும்.

முடிந்தால் எது எது என்று தெரியாமல் ஒப்பிடுங்கள். போன பிப்ரவரியில் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கும் பக்கம், என் 6 மி.மீ. ஆர்த்தோவையும் பார்லோவில் போட்ட 12 மி.மீ.-ஐயும் ஓரியன் நெபுலாவின் நடுவில் உள்ள டிரபீசியம் என்ற நெருக்கமான நட்சத்திரக் கொத்தில் வைத்துப் பார்த்தோம், இரண்டும் 200 மடங்கு. அண்ணன் மகள்தான் மாற்றி மாற்றிப் போட்டு ஃபோகஸும் செய்து கொடுத்தாள், நான் கையால் தொடவில்லை, எடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பதால். ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என்ற வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். முதல் சுற்றில் எனக்கு நான்கு நட்சத்திரமும், சில நொடிகள் ஐந்தாவதும். அவள் குனிந்து பார்த்துவிட்டு, “சித்தப்பா, ஆறும் தெரியுது, கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்க” என்றாள். பொறுத்துப் பார்த்தபோது காற்று அடங்கிய நொடிகளில் எனக்கும் ஆறு வந்தது, அதுவும் இரண்டு ஐபீஸிலும். எழுதி வைத்ததைப் பிரித்துப் பார்த்தால் என் ஊகம் நான்கில் இரண்டுதான் சரி. நட்சத்திரத்தில் இரண்டும் சமம் என்று அன்றைக்குத் தெரிந்தது. வியாழனை விளிம்புக்கு வெளியே வைத்தபோதுதான் ஆர்த்தோ தெளிவாக முந்தியது. இரண்டு வேலைக்கும் சேர்த்து விலை உயர்ந்த ஒரு 6 மி.மீ. வாங்கும் யோசனையை அந்த மலையிலேயே விட்டுவிட்டேன்.

நோட்டில் ஒவ்வொரு ஐபீஸுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாங்கிய தேதி, விலை, வரிசை எண், அளந்த பரப்பு, எந்த இரவில் எதைப் பார்த்தது, காற்று எப்படி இருந்தது. ஒரு முழுப் பருவத்தில், அதாவது டிசம்பர் கடைசியிலிருந்து மே வரை, மூன்று முறைக்கும் குறைவாக வெளியே வந்த ஐபீஸை நான் விற்றுவிடுகிறேன், பூஞ்சைக் குறை இருந்தால் அதைப் படத்தோடு சொல்லித்தான்.

அக்டோபர் முதல் வாரத்தில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், எல்லாவற்றையும் வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள், ஜெல்லை வறுத்து மாற்றுங்கள். அதன்பின் மழை விடும் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஈரப்பதமானியின் எண்ணை மட்டும் பாருங்கள், 50-க்குக் கீழே இருந்தால் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.